பூச்சிக்கு ஒரு கேஸ்

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் எது என்று கேட்டால் பாதிப் பேர் நியூயார்க் என்றுதான் சொல்வார்கள். ஆல்பனி. நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும். அரசாங்க அலுவலகங்களை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. அந்த அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை நம்பிப் பிழைக்கிற தமிழர்களும் தெலுங்கர்களும் இங்கே கணிசம். நானும் அப்படி ஒரு கான்ட்ராக்டில் வந்து சேர்ந்தவன்தான். எங்கள் ஆட்கள் குடியிருப்பது பெரும்பாலும் கில்டர்லேண்ட், கொலோனி பக்கம். வாரக் கடைசியில் போவது கிராஸ்கேட்ஸ் மால். இவற்றுக்கெல்லாம் நடுவே, நெடுஞ்சாலைகள் கூறுபோட்ட துண்டுகளாக, ஒரு மணல்காடு கிடக்கிறது. பெயர் ஆல்பனி பைன் புஷ்.

அந்தக் காட்டுக்காக, முக்கியமாக அதில் இருக்கும் ஒரு சின்னப் பட்டாம்பூச்சிக்காக, ஊர்க்காரர்கள் சிலர் 1978-இலிருந்து நகராட்சியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். சிறகை விரித்தாலும் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும் அந்தப் பூச்சி. கூட வேலை பார்க்கும் நண்பனிடம் இதைச் சொன்னபோது, "பூச்சிக்கு ஒரு கேஸா? அதையும் கோர்ட்ல எடுத்துக்கிறாங்களா?" என்று சிரித்தான். எடுத்துக்கொண்டார்கள். மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. ஆனால் அவன் நினைத்த மாதிரி அது பூச்சியைப் பற்றிய கேஸ் மட்டும் இல்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நிலம். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது இந்தப் பள்ளத்தாக்கில் பெரிய ஏரி ஒன்று நின்றது. மேற்கிலிருந்து வந்த ஆறு கொண்டுவந்த மணலை எல்லாம் அந்த ஏரியின் ஓரத்தில் கொட்டியது. ஏரி வடிந்த பிறகு காற்று அந்த மணலை வாரி மேடு மேடாகக் குவித்தது. கடல் எங்கேயோ தூரத்தில் இருக்க, ஊருக்குள் மணல்மேடுகள். அதன்மேல் பிட்ச் பைன் மரங்கள், ஆள் உயரத்துக்கு மேல் போகாத குட்டை ஓக், இடையிடையே புல்.

எனக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டம். குதிரைமொழித் தேரி பக்கம், செம்மணல் மேடுகள் இருக்கிற இடம். ஒரு கோடையில் அம்மா வந்திருந்தபோது பைன் புஷ்ஷுக்குக் கூட்டிப்போனேன். நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலை வைத்துப் பார்த்தாள். "இது நம்ம தேரி மாதிரில்லா இருக்கு. மண்ணு செவப்பா இல்ல, பனை இல்ல, அவ்வளவுதான்." அவள் சொன்னது சரி. இரண்டுமே காற்று கட்டிய நிலம். இரண்டுமே பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒன்றுக்கும் உதவாத நிலம். தேரியில் உடைமரமும் பனையும் முந்திரியும் பார்த்தவர்களுக்கு அது வெறும் மணலாகத் தெரியாது. ஆனால் ஃபைலில் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஆல்பனியிலும் அதுதான் கதை. விளைச்சலுக்கு ஆகாது, மரமும் தேறாது. அப்புறம் என்ன? குப்பை கொட்டலாம், ரோடு போடலாம், பிளாட் போடலாம். ஒரு காலத்தில் 25,000 ஏக்கர் அளவுக்கு இருந்ததாகச் சொல்லப்படும் மணல்காடு, 1970களில் நாலா பக்கமும் அரிக்கப்பட்டுக் கிடந்தது. இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள், நகராட்சியின் குப்பைமேடு, அலுவலகக் கட்டடங்கள், அப்புறம் 1984-இல் கிராஸ்கேட்ஸ் மால்.

இனி பூச்சி. கார்னர் நீலன். கார்னர் என்பது இந்தக் காட்டுக்குள் முன்பு இருந்த ஒரு சின்ன ரயில் நிறுத்தத்தின் பெயர். ஆணின் மேல்சிறகு அடர்நீலம். பெண்ணுக்கு நீலத்தோடு பழுப்பும் ஓரத்தில் ஆரஞ்சுப் பிறைகளும் உண்டு. இதைத் தனி வகையாக அடையாளம் கண்டு 1944-இல் அறிவியல் பெயர் வைத்தவர் விளாதிமிர் நபக்கோவ். ஆமாம், 'லோலிதா' எழுதிய அதே நாவலாசிரியர்தான். அப்போது அவர் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆல்பனியில் பழைய ஆட்களிடம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நபக்கோவ் வந்துவிடுவார். ஊருக்கு ஒரு பெருமை வேண்டாமா?

இந்த நீலனின் புழு ஒரே ஒரு செடியின் இலையைத்தான் தின்னும்: காட்டு நீல லூபின். அவரைக் குடும்பத்துச் செடி, நம் ஊர்க் கொழுஞ்சிக்குத் தூரத்து உறவு. மே கடைசியில் நீலப் பூங்கொத்துகளை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். வெயில் இல்லையென்றால் லூபின் இல்லை. லூபின் இல்லையென்றால் நீலன் இல்லை. வருடத்துக்கு இரண்டு தலைமுறை. மே கடைசி, ஜூனில் பறப்பவை முதல் தலைமுறை. அவை இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை ஜூலை, ஆகஸ்டில் பறக்கும். இந்த இரண்டாம் தலைமுறையின் முட்டைகள் செடித்தண்டிலும் சருகிலும் ஒட்டிக்கொண்டு, பனிக்கு அடியில் குளிர்காலம் முழுக்கக் கிடந்து, ஏப்ரலில் பொரியும். புழுவுக்கு எறும்புகள்தான் காவல். புழு சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் சுற்றிச் சுற்றி வரும். அதனால் புழுவைத் தின்ன வரும் பூச்சிகள் கிட்ட நெருங்காது. வளர்ந்த பட்டாம்பூச்சிக்கு ஆயுள் ஒரு வாரம்கூடத் தாண்டுவது அரிது. அந்த ஆயுளுக்குள் பெரும்பாலானவை பறந்து கடக்கும் தூரம் சில நூறு மீட்டர்தான்.

இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வழிச்சாலை ஒன்று நடுவில் வந்தால் இந்தப் பூச்சிக்கு அது கடல். அந்தப் பக்கம் பத்து ஏக்கர் லூபின் பூத்துக் குலுங்கினாலும் இந்தப் பக்கத்துப் பூச்சிக்கு அது இல்லை என்றே அர்த்தம். அதனால் "மொத்தம் இவ்வளவு ஏக்கர் பாதுகாத்துவிட்டோம்" என்று யாராவது சொன்னால் உடனே கைதட்டிவிட முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிய ஏக்கரா, சிதறிய ஏக்கரா என்று கேட்க வேண்டும்.

1978 பிப்ரவரியில் பைன் புஷ்ஷில் புதிதாகக் கட்டடங்கள் வருவது பற்றி நகரத் திட்டக் குழு கூட்டம் நடத்தியது. பனி கொட்டிக்கொண்டிருந்த நாள். அந்தப் பனியிலும் வந்து சேர்ந்தவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் சேவ் தி பைன் புஷ் என்ற அமைப்பு. சம்பளக்காரர்கள் கிடையாது, முழுக்க முழுக்கத் தொண்டர்கள். எதிரே இருந்த நகராட்சி லேசுப்பட்டதல்ல. அப்போதைய மேயர் இரண்டாம் எராஸ்டஸ் கார்னிங் 1942-இல் பதவிக்கு வந்து, 1983-இல் இறக்கும்வரை 41 ஆண்டுகள் மேயராகவே இருந்தவர். அமெரிக்காவிலும் இப்படி உண்டா என்று எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. கட்சி, வார்டு, வேலை, ரோடு காண்ட்ராக்ட் எல்லாம் ஒரே கைக்குள். அப்படிப்பட்ட ஊரில் "இந்த மணல்மேட்டை விட்டுவிடுங்கள்" என்று எழுந்து நின்று சொல்வதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

அவர்கள் பிடித்த ஆயுதம் ஒரு நடைமுறைச் சட்டம். நியூயார்க் மாநிலம் 1975-இல் சுற்றுச்சூழல் தர மறுஆய்வுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அரசு அமைப்பு எதற்கு அனுமதி கொடுத்தாலும், அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பார்க்காமல் கட்டாதே என்று மட்டும்தான் சொல்கிறது. பார்த்தால் அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் அந்தப் பிடி இவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஏனென்றால் ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாகத்தான் வரும். ஓர் அலுவலக வளாகம், "எனக்கு வேண்டியது எட்டு ஏக்கர்தான், அதனால் காட்டுக்கு என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கும். அடுத்ததும் அதையேதான் கேட்கும். தனித்தனியாக எடுத்தால் எல்லோருமே நியாயவான்கள். ஆனால் எல்லோருக்கும் சரி சொல்லி முடித்துப் பார்த்தால் காடு இருக்காது. இந்த இடத்தைத்தான் சேவ் தி பைன் புஷ் பிடித்தது. பைன் புஷ்ஷுக்காக நிலுவையில் இருக்கும் திட்டங்கள் எல்லாவற்றின் விளைவையும் சேர்த்துப் பார்க்காமல் நகராட்சி முடிவெடுத்தது செல்லாது என்று 1987-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காடு முழுவதையும் ஒரே சுற்றுச்சூழல் அலகாகப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்றாகிவிட்டது.

என் பார்வையில் இந்தக் கதையின் முதுகெலும்பு இந்தத் தீர்ப்புதான். "இதில் எவ்வளவு மிச்சம் இருந்தால் இது காடாக நிற்கும்?" என்று ஓர் அரசு அமைப்பை முதன்முதலாகக் கேட்கவைத்தது இது. அறிவியலாளர்கள் ஆராய்ந்து 1988-இல் பதில் சொன்னார்கள்: தீ வைத்துப் பராமரிக்கக்கூடிய நிலமாகக் குறைந்தது 2,000 ஏக்கர் வேண்டும். (ஏன் தீ என்பதைப் பிறகு சொல்கிறேன்.) அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் ஆல்பனி பைன் புஷ் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தது. மாநிலத் துறைகள், நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, பொதுமக்கள் சார்பில் சிலர் ஆகியோரோடு, வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற ஆல்பனி நகராட்சியும் அதில் உறுப்பினர். இன்றைக்குப் பாதுகாப்பில் இருக்கும் நிலம் 3,300 ஏக்கருக்கும் மேல். 1992-இல் கார்னர் நீலன் மத்திய அரசின் அருகிவரும் உயிரினங்கள் பட்டியலிலும் ஏறியது. நண்பன் கேட்ட கேள்விக்கு இங்கேயே ஒரு பாதிப் பதில் இருக்கிறது. பூச்சி பட்டியலுக்கு வந்ததோ 1992-இல். நிலத்துக்கான பெரிய தீர்ப்பு வந்தது அதற்கு ஐந்து வருடம் முன்பே.

வழக்குச் செலவுக்குப் பணம்? மாதம் ஒரு முறை நகரத்துத் தேவாலயம் ஒன்றில் சாப்பாடு போட்டுத் திரட்டினார்கள். சைவ லசான்யா. பல வருடங்கள் விடாமல் நடந்த விருந்து. நானும் போயிருக்கிறேன். பாஸ்தாத் தகட்டுக்கு நடுவே சீஸும் தக்காளிச் சாறும் அடுக்கி வேகவைத்தது. பக்கத்தில் ஒரு மாங்காய் ஊறுகாய் இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் பேசுவார். அன்றைக்கு நான் போனபோது தலை நரைத்த பெண்மணி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நீங்கள் சூழலியல் படித்தவரா?" என்று கேட்டேன். "இல்லை. கூட்டக் குறிப்புகளைப் படிப்பவள்" என்றார். நகராட்சி, திட்டக் குழு, நிலப் பயன்பாட்டு முறையீட்டு வாரியம் என்று எங்கே என்ன அஜெண்டா வருகிறது, எந்த நிலத்தின் வகைப்பாடு (அதில் என்ன கட்டலாம் என்பது) மாறுகிறது என்று மாதாமாதம் உட்கார்ந்து வாசிப்பதுதான் அவர் செய்கிற வேலை. அந்த வேலையைப் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு இங்கே மிகக் குறைவு. அறிவிப்பை ஒருவர் கவனிக்காமல் விட்டால் கதை அதோடு முடிந்தது.

நிலம் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்ததா? அங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. பைன் புஷ் எரிந்து எரிந்து வாழ்ந்த காடு. பிட்ச் பைனின் பட்டை தடிமன். தீயில் கருகிய அடிமரத்திலிருந்தே புதுத் துளிர் விடும். குட்டை ஓக் வேரிலிருந்து முளைக்கும். அவ்வப்போது தீ வந்து மற்ற மரங்களையும் புதரையும் எரித்துத் திறந்துவிட்டால்தான் மணல்மேல் வெயில் விழும், லூபின் முளைக்கும். ஊர் வந்து, தீயணைப்பு வண்டி வந்து, எந்தத் தீயையும் உடனே அணைக்க ஆரம்பித்ததும் காடு நிழலால் மூடிக்கொண்டது. கட்டடம் கட்டாத இடத்திலும் நீலன் குறைந்தது இதனால்தான்.

அதனால் ஆணையம் இப்போது திட்டமிட்டுத் தீ வைக்கிறது. காற்றின் திசை, ஈரப்பதம், புகை எந்தப் பக்கம் போகும் என்று எல்லாம் பார்த்து, துண்டு துண்டாக. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, ஒரு பக்கம் முதியோர் இல்லம் என்று இருக்கும் இடத்தில் அது லேசான காரியம் இல்லை. எரித்த இடத்தைப் பார்த்து அம்மா, "காட்டைக் காப்பாத்துதோம்னுட்டு இவங்களே கொளுத்துதாங்களா?" என்றாள். நான் மேலே எழுதியதை எல்லாம் சொல்லி விளக்கினேன். அவள் அதிகம் அசரவில்லை. நம் ஊரிலும் மேய்ச்சலுக்குப் புல்லைக் கொளுத்துவார்கள்தானே என்று முடித்துவிட்டாள். கர்நாடகத்து பிலிகிரிரங்கன் மலையில் சோலிகப் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சருகுத்தீ வைத்துவந்ததும், அது தடை செய்யப்பட்ட பிறகு உண்ணிச்செடி என்ற வெளிநாட்டுப் புதர் காட்டை அடைத்ததும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தீ போதாத இடங்களில் இயந்திரமும் களைக்கொல்லியும். கருப்பு லோகஸ்ட் என்று ஒரு மரம். இந்தக் காட்டுக்கு வெளியாள். அதுவும் அவரைக் குடும்பம் என்பதால் மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்துவிடும். ஏழை மண்ணில் வாழப் பழகிய செடிகளுக்கு இந்த வளமே விஷம். அதை வேரோடு பிடுங்கிப்போட்டு, மணலில் புல்லும் லூபினும் விதைக்கிறார்கள். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தோடு சேர்ந்து பூச்சியை வளர்க்கவும் செய்தார்கள்: இங்கிருந்து பெண் பூச்சிகள் அங்கே போயின, முட்டையிட்டுப் புழுவாகிக் கூட்டுப்புழுவான பிறகு திரும்பி வந்தன. 1990களில் சில நூறு என்ற நிலைக்குப் போன நீலன், இப்போது ஆயிரக்கணக்கில். மீட்சிக்கு அரசு வைத்த 3,000 என்ற அளவைத் தாண்டியாயிற்று. மற்ற இடங்களைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மிச்சிகன் ஏரிக் கரையில் இண்டியானா மணல்மேடுகளில் இதே நீலன், வெப்பமும் வறட்சியும் கூடிய 2012-க்குப் பிறகு, கண்ணில் படாமலே போய்விட்டது. அங்கே நிலத்துக்குத் தேசியப் பாதுகாப்பு இருந்தும்.

இனி நண்பனின் கேள்விக்கு மீதிப் பாதி. வாஷிங்டன் அவென்யூ நீட்சியில், நீலன் வாழும் நிலத்துக்கு அருகே ஒரு ஹோட்டல் கட்ட நகராட்சி நிலத்தின் வகைப்பாட்டை மாற்றியது. சேவ் தி பைன் புஷ் வழக்குப் போட்டது. நகராட்சி நீலனைப் பற்றி ஆராய்ந்திருந்தது. ஆனால் அங்கே இருக்கக்கூடிய வேறு பட்டாம்பூச்சி, பாம்பு, தேரை வகைகளைப் பற்றி ஆராயவில்லை என்பது வாதம். எதிர்த்தரப்பு கேட்டது வேறு கேள்வி: வழக்குப் போட நீங்கள் யார்? உங்கள் வீடு அந்த மனைக்குப் பக்கத்தில் இல்லையே, உங்களுக்கு என்ன நஷ்டம்?

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் சட்டெனப் புரியாது. 1980களின் தொடக்கத்திலேயே நம் உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்குக்குக் கதவைத் திறந்துவிட்டது. அக்கறையுள்ள யாரும் போகலாம். நியூயார்க்கில் அப்படி இல்லை. பொதுமக்கள் எல்லோருக்கும் வரும் நஷ்டம் போதாது, உனக்கென்று தனியாக ஒரு நஷ்டம் வேண்டும். கீழ்நீதிமன்றங்கள் பல இதைப் பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் வரலாம் என்றே எடுத்துக்கொண்டன. அப்படியானால் பக்கத்தில் வீடே இல்லாத காட்டுக்காக யார் போவது? பக்கத்து மனைக்காரனும் ஹோட்டல் கட்டத்தானே காத்திருப்பான்!

2009 அக்டோபரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: ஓர் இயற்கை வளத்தை மற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தி அனுபவித்து வருபவர் என்று ஒருவர் நிரூபித்தால், அதற்குக் கேடு வரும்போது வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு. பக்கத்தில் வீடு இருக்க வேண்டியதில்லை. அதே தீர்ப்பில், மற்ற உயிரினங்களைத் தனித்தனியாக ஆராயாதது தவறில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடியும் செய்தது. ஹோட்டலை நிறுத்த முடியவில்லை. ஆனால் நியூயார்க்கில் ஓர் ஆற்றுக்காகவோ சதுப்புநிலத்துக்காகவோ கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் தங்கள் மனுவில் எடுத்துக்காட்டுவது இந்தத் தோற்ற வழக்கைத்தான். அந்தக் காட்டில் வாரம் தவறாமல் நடந்து, பூச்சி பார்த்து, செடி எண்ணியதெல்லாம் சட்டத்தின் பார்வையில் ஒரு தகுதியாகிவிட்டது. எனக்கு இதில் இருக்கும் ருசி, 1987 வெற்றியில்கூட இல்லை.

எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மால் அருகே அடுக்குமாடிக் குடியிருப்பும் காஸ்ட்கோ கடையும் வரும் திட்டத்தை எதிர்த்து அக்கம்பக்கத்துக்காரர்கள் சிலர் போட்ட வழக்கு 2020-இல் வென்று, 2021-இல் மேல்முறையீட்டில் தோற்றது. அந்தத் திட்டத்துக்குப் பக்கத்தில்தான் ராப் ரோடு குடியிருப்பு இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்து ஷுபூட்டா என்ற ஊரிலிருந்து இனவெறிக்குத் தப்பி வடக்கே வந்த கறுப்பினக் குடும்பங்கள் இந்த மணலில் நிலம் வாங்கிக் கையால் வீடு கட்டி வாழ்ந்த தெரு. யாருக்கும் வேண்டாத நிலம் என்பதால்தான் அவர்களுக்குக் கிடைத்தது. இப்போது எல்லோருக்கும் வேண்டும்.  எங்கள் தமிழ் வாட்சப் குழுவிலோ, காஸ்ட்கோ எப்போது திறக்கும் என்பதுதான் பெரிய விவாதமாக ஓடியது. பெரிய பாக்கெட் பாதாம் விலை குறைவுதான், மறுக்கவில்லை.

குப்பைமேடு இன்னும் உயரமாக நிற்கிறது. விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுத்தபோது, பதிலுக்கு அந்தப் பகுதியில் மணல்காட்டுச் செடிகளை மீட்டு வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். விரிவாக்கத்தை எதிர்த்தவர்களுக்கு அது இனிப்புப் பூச்சு. ஆணையத்துக்குக் கிடைத்த வரை லாபம். நான் இதில் எந்தப் பக்கம் என்று கேட்டால், அன்றன்றைக்கு மாறும்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். லூபினும் நீலனும் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் மே கடைசி வாரம் அல்லது ஜூன் முதல் வாரம். நீலன் மட்டும் போதுமென்றால் ஜூலை இரண்டாம் பாதி. அப்போதுதான் எண்ணிக்கையும் அதிகம். வெயில் ஏறிய பிறகு போங்கள், மேகமூட்டத்தில் பூச்சி வெளியே வராது. நியூ கார்னர் ரோட்டில் இருக்கும் தகவல் மையத்தில் வண்டியை நிறுத்தலாம். கட்டடத்தைப் பார்த்து வங்கி மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். முன்பு அது கடன் சங்கக் கிளைதான். பாதையை விட்டு இறங்காதீர்கள், காலடியில் முட்டை இருக்கலாம். பேன்ட்டின் கீழ்ப்பகுதியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். லைம் நோய் பரப்பும் உண்ணி இங்கே ஏராளம். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளுக்கு முழங்காலுக்குப் பின்னாலும் காதுக்குப் பின்னாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.